செருமல்காரரின் இடது தோள்

அந்தக் காவல் நிலையத்தில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அதிகாரி முதல் கைதி வரை எல்லோருக்கும் அவர் செருமல்காரர். மனிதர் யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டார். வாசலில் நின்று தொண்டையை ஒரு செருமு செருமுவார். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் இழுத்து, முடிவில் மன்னிப்பு கேட்பதுபோல அடங்கும் ஒரு செருமல். உள்ளே இருப்பவன் பேரில் வாரண்ட் நிலுவையில் இருந்தால், அந்தச் சத்தத்திலேயே கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான்.

வாரண்ட் என்றதும் கொலை, கொள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க வேறு காவலர்கள் உண்டு, வண்டி உண்டு. நம்மவர் பங்குக்கு வந்ததெல்லாம் சில்லறை வழக்குகள். விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவன், குடித்துவிட்டுக் கடை வாசலில் கலாட்டா செய்தவன், பக்கத்து வீட்டுக்காரனைக் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்தவன். கோர்ட் கூப்பிட்ட நாளில் பயத்திலோ மறதியிலோ சோம்பலிலோ போகாமல் விட்டிருப்பார்கள். நீதிபதி சலித்துப்போய், பிடித்துக்கொண்டு வா என்று கையெழுத்துப் போட்டு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார். அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆளைத் தேடுவதுதான் செருமல்காரரின் பிழைப்பு.

அதில் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். கொடியில் காயும் துணியைப் பார்ப்பார். "அவரு ஊர்லயே இல்லீங்க" என்று மனைவி சத்தியம் செய்யும்போது கொடியில் ஓர் ஆண் சட்டை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தால், அந்தச் சட்டையைப் பார்த்தே பேசுவார்.

"வந்தா சொல்லும்மா. நாளைக்குக் காலையில குளிச்சு, நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு, வக்கீலோட கோர்ட்டுக்குப் போகச் சொல்லு. நீதிபதி ரெண்டு வார்த்தை திட்டுவாரு. கையைக் கட்டிக்கிட்டு வாங்கிக்கச் சொல்லு. வாரண்டை ரத்து பண்ணிடுவாங்க. நான் வந்து கூட்டிக்கிட்டுப் போனா பார்க்க நல்லா இருக்காது பாரு."

கட்டிலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவன் இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பான். மறுநாள் பெரும்பாலும் போய்விடுவான். வாரண்ட் தீர்ந்துவிடும். யார் கதவையும் உடைத்ததில்லை, யாரையும் தெருவில் இழுத்துப் போனதில்லை என்பதில் செருமல்காரருக்கு ரொம்பப் பெருமை. கையை நீட்டிக் காசு வாங்கியதும் இல்லை. அந்த ஒரு சுத்தத்தை வைத்துக்கொண்டு தன்னை முழுக்கச் சுத்தமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

வெளியில் சொல்லாத குறை ஒன்றும் அவருக்கு இருந்தது. இடது தோள் இறக்கம். பிறவியிலேயே அப்படி. எந்தச் சட்டை போட்டாலும் அந்தப் பக்கம் சரியும். சீருடையில் அது இன்னும் மோசம். பயிற்சிக் காலத்தில் அணிவகுப்பு நடத்தியவர் தினமும் அவர் முன்னால் வந்து நின்று, "நேரா நில்லுய்யா" என்று கத்துவார். நேராகத்தான் நிற்கிறேன் என்று அவரால் சொல்ல முடிந்ததில்லை. கல்யாணப் படத்தில்கூட இடது பக்கத்தை மனைவிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் நிற்கிறார். அந்த மனைவி வீட்டில் அவர் செருமினால் திரும்பியும் பார்ப்பதில்லை. "தொண்டைக்கு ஏதாவது மருந்து சாப்பிடுங்க" என்பாள். மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எழுந்திருப்பதில்லை.

இப்படிப்பட்டவருக்குத்தான் தையல்காரம்மா வீட்டு வாரண்ட் வந்து சேர்ந்தது.

சந்து முனையில் அந்த வீடு. முன்னறைதான் தையல்கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் துணி வெட்டும் மேஜை, சுவரில் ஆள் உயரக் கண்ணாடி, பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் குடித்தனம். கணவர் இல்லை. மகன் துணி வெட்டுவான், அம்மா தைப்பாள், மகள் பித்தான் கட்டுவாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வடிந்த தண்ணீர், வெட்டிவைத்த வெள்ளைத் துணிமேல் வழிந்ததில் சண்டை தொடங்கியது. மகன் கேட்கப் போனான். வார்த்தை தடித்துத் தள்ளுமுள்ளாகி, பக்கத்து வீட்டுக்காரர் படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டார். வழக்கு. முதல் நாள் கோர்ட்டுக்குப் போன பையனிடம், அடுத்த தடவை அப்படியே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லித் தொலைத்தான். பையன் வெளியூர் பஸ் ஏறிவிட்டான். அங்கே ஓர் ஆடை ஆலையில் துணி வெட்டும் வேலை.

செருமல்காரர் முதல் தடவை அந்த வாசலில் நின்று செருமியபோது உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் சட்டென்று நின்றது. தையல்காரம்மா எழுந்து வந்தாள். கையிலிருந்த வெட்டுத்துணியால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவரைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"அவன் இங்க இல்லீங்க சார். நிஜமாவே இல்ல."

நிஜம்தான். வாசலில் ஆண் செருப்பும் இல்லை, கொடியில் ஆண் சட்டையும் இல்லை. அவர் வழக்கமான அறிவுரையைச் சொன்னார். குளிச்சு, நல்ல சட்டை, வக்கீல். பயத்தில் அவள் அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். அவர் எழுந்து கிளம்பும்போது, அத்தனை பயத்தையும் மீறி அவளுக்குள் இருந்த தொழில்காரி வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சட்டையை யாரு தைச்சது? தோளைக் கொலை பண்ணி வெச்சிருக்கான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவமானமாக இருந்திருக்கும். அவள் வெறும் தையல் கோளாறாகச் சொன்னாள். துணி கொண்டுவரச் சொன்னாள். இடது தோளுக்குள் கேன்வாஸ் என்ற விறைப்புத் துணியை மெல்லிசாக மடித்து வைத்து, அந்தப் பக்கத்தின் அளவை மாற்றி வெட்டித் தைத்துக் கொடுத்தாள். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றார். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நேராக நின்ற ஒரு மனிதர் கண்ணாடியிலிருந்து அவரைப் பார்த்தார். கூலியைப் பைசா குறையாமல் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. வெயில் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் அடிக்கடி தேடுதல் நடந்தது. வாரண்ட் நிலுவையில் இருக்கிறதே, போகத்தானே வேண்டும்? ஒருநாள் செருமிவிட்டு உள்ளே போனபோது திரை ஆடிக்கொண்டிருந்தது. மேஜை மூலையில் பாதி சாப்பிட்ட தட்டு. கை கழுவக்கூட நேரமில்லாமல் பையன் பின்வாசல் வழியாக ஓடியிருந்தான். தையல்காரம்மா தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டு, "சரிம்மா, வந்தா சொல்லுங்க" என்று திரும்பி நடந்துவிட்டார். அன்று தன் நல்ல மனதை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார். பையன் அதோடு வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான் என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

போகப்போக அவர் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் சார் என்பதை விடவில்லை. அவர் செருமினால் மெஷின் நிற்கும், நாற்காலி வரும், டீ வரும், மகள் எழுந்து நிற்பாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், சட்டையைவிட அந்த மெஷின் நிற்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. உலகத்தில் அவர் குரலுக்கு ஒரு வேலை நின்றுபோவது அந்த ஒரு வீட்டில்தான்.

பிறகு ஒருநாள் கோர்ட் கேன்டீனில் வைத்து, அங்கே காவல் பணியில் இருந்த சிநேகிதர் வடிகட்டாத டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"உங்க தையல்காரம்மா பையன் கேஸ் முடிஞ்சுபோச்சுங்க. கை ஒடிஞ்ச ஆளு வீட்டை வித்துட்டு வேற ஊருக்குப் போறாராம். எனக்கு இந்தக் கேஸே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டாரு. வாரண்டையும் ரத்து பண்ணியாச்சு. வக்கீலு இந்தப் பக்கமே வர்றதில்ல, நீங்களே வீட்டுல சொல்லிடுங்க."

செருமல்காரருக்கு உண்மையாகவே சந்தோஷம். அன்று மாலையே கிளம்பிவிட்டார். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வாசலில் செருமினார். மெஷின் நின்றது. நாற்காலி வந்தது.

அங்கேதான் எல்லாம் கெட்டது. டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் அவள் அவருடைய புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள், பித்தான் துளைக்குக் காஜா எடுப்பது மட்டும்தான் பாக்கி என்றாள். செருமல்காரரின் மகளைப் பெண் பார்க்க அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. மகளுடைய அப்பா கோணலாக நிற்கக் கூடாது என்பதற்காக அவர் கேட்டுத் தைக்கச் சொன்ன சட்டை அது. சொல்லிவிட்டால் இனி இந்த வீட்டுக்கு வர என்ன காரணம் இருக்கிறது என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. காரணமில்லாமல் வந்து செருமினால் மெஷின் நிற்குமா? அடுத்த வாரம் சட்டையை வாங்கும்போது சொல்லிக்கொள்ளலாம், ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த வாரம் அங்கே வேறு வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். அதற்கடுத்த தடவை அவளுக்குக் காய்ச்சல். அதன் பிறகு வேறொரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது சொன்னால், எப்போது ரத்தானது சார் என்று அவள் கேட்பாளே? இத்தனை நாள் தெரிந்துமா வந்து டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று அவள் கேட்காவிட்டாலும் அவள் கண் கேட்குமே? ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டிய விஷயம் அதேதான், அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய அவமானம்தான் ஏறிக்கொண்டே போனது. போகாமலாவது இருந்திருக்கலாம். அதுவும் முடியவில்லை. வழக்கமாக வருகிறவர் திடீரென்று வராவிட்டால் ஏன் என்று யோசிப்பார்களாம். தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்குப் பஞ்சமா?

மாதங்கள் ஓடின. தையல்காரம்மாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு மத்தியானம் அவள் மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் எதிரில் வந்து நின்றாள்.

"சார், ஒண்ணு கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"கல்யாணத்தன்னிக்கு ஒரே ஒரு நாள்... நீங்க கண்ணை மூடிக்குவீங்களா? தங்கச்சியைப் பார்த்துட்டு, ஒரு வாய் சாப்பிட்டுட்டு, அப்படியே ஓடிடுவான். தகப்பன் இல்லாத பொண்ணு சார் அவ. அண்ணனாவது பக்கத்துல நிக்கட்டுமே."

வாரண்டே கிடையாதக்கா, ராஜா மாதிரி வரச் சொல்லுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார், மீசையைத் துடைத்தார்.

"நான் மூடிக்கலாம்க்கா. ஸ்டேஷன்ல வேற ஆளுங்களும் இருக்காங்களே. நான் எப்படிச் சொல்றது..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க சார். உங்களுக்குக் கஷ்டம் வரக் கூடாது" என்றாள். அதற்கு அவர் அங்கேயே செத்திருக்கலாம்.

கல்யாணத்துக்கு அவரையும் அழைத்திருந்தாள். போகாமல் இருந்திருந்தால் ஒரு மனிதனுக்கு அழகு. போனார், அவள் தைத்த சட்டையில், தோள் நேராக. அவளே கையைக் காட்டி முன்வரிசையில் உட்காரவைத்தாள். படம் எடுப்பவன் குடும்பத்தை வரிசையாக நிறுத்திவிட்டு, "பொண்ணோட அண்ணன் எங்கப்பா? கூப்பிடுங்க" என்று சத்தமாகக் கேட்டான். கூடத்தில் இருந்தவர்கள் தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். "அவனுக்கு லீவு கிடைக்கலப்பா, நீ எடு" என்றாள் தையல்காரம்மா. மணப்பெண் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். செருமல்காரருக்குச் செருமல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. செருமிவிட்டார். படத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அந்தப் படம் பின்னாளில் தையல்கடைச் சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே மாட்டப்பட்டது.

காலம் அப்படியே போயிருக்கும். அவரும் அப்படியே ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: அந்தந்த வட்டாரத்தில் நிலுவையில் இருக்கும் பழைய வாரண்டுகளை எல்லாம் தேடித் தீர்க்க வேண்டும். புதிதாக வந்திருந்த அதிகாரியம்மா அதைக் கல்யாண வேலை மாதிரி இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். கட்டுகளை மேஜைமேல் கொட்டி, ஆள் இருப்பது ஒரு குவியல், ஆள் செத்துப்போனது ஒரு குவியல், ரத்தானது ஒரு குவியல் என்று பிரிக்கச் சொன்னார். செத்தவர்கள் குவியல் வளர்வதைப் பார்த்து, "உயிரோட இருக்கிறவங்களைவிட இவங்களைத்தான் விடாம தேடியிருக்கோம் போல" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். செருமல்காரரும் சிரித்தார், தையல்காரம்மா மகனுடையது மேலே வரும் வரைக்கும்.

"இது ரத்தாகி எவ்வளவு காலமாச்சு! வீட்டுல சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு மேடம்."

"நல்லது. ரத்தானவங்க வீட்டுக்கெல்லாம் நாளையிலிருந்து நானே ஒரு நடை போயிட்டு வரலாம்னு இருக்கேன். நம்மளைப் பார்த்தா எப்பவும் அழறாங்க, ஒரு தடவையாவது சிரிக்கட்டும்."

தலைவலி என்று அனுமதி கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. அந்த வயதில், அந்த உடம்போடு, சந்துக்குள் கிட்டத்தட்ட ஓடினார். வாசலில் செருமக்கூட மறந்து உள்ளே போய் நின்றார். மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

"அக்கா, வாரண்ட் ரத்தாயிடுச்சு. கேஸே முடிஞ்சுபோச்சு. பையனை வரச் சொல்லுங்க."

தையல்காரம்மாவின் கால் பெடலிலேயே நின்றுவிட்டது. தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வாரி முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு எழுந்து வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்க. நான் கல்யாணத்துக்காகக் கேட்டதை மனசுல வெச்சுக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க."

"இல்லக்கா, அது கோர்ட்டுல அவங்களா..."

"நீங்க சொல்லிக்கமாட்டீங்க. எனக்குத் தெரியாதா? நல்லா இரு தம்பி. நல்லா இரு."

இத்தனை காலத்தில் முதல் தடவையாக அவள் அவரைத் தம்பி என்றாள். கையை உருவிக்கொள்ளவும் துணிவில்லாமல், உண்மையைச் சொல்லவும் வாய் வராமல், மரம் மாதிரி நின்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுநாள் அதிகாரியம்மா அந்த வீட்டுக்குப் போனபோது, சார் வந்து எல்லாம் சொல்லிட்டாரு என்று தையல்காரம்மா அவரைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறாள். அவர் எப்போது சொன்னார் என்று அதிகாரியம்மா கேட்கவில்லை. எப்போது ரத்தானது என்று தையல்காரம்மா கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இரண்டு பெண்களுக்கும் நடுவில் விழாமல் தப்பிவிட்டது. அதிகாரியம்மா நிலையத்தில் எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டினார். சந்துக்காரர்கள் அவரைப் பார்த்தால் வணக்கம் வைத்தார்கள். மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டு, "உங்களை மாதிரி நாலு பேரு இருந்தா போதும் சார்" என்றார். செருமல்காரர் சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்று மனைவி கேட்டபோது ஓய்வு பெறப் போகும் கவலை என்றார். அவளும் நம்பினாள். எல்லோரும் அவர் சொன்னதையெல்லாம் நம்பினார்கள், அதுதான் கொடுமை.

ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. தையல்காரம்மா ஆள்மேல் ஆள் விட்டாள், கடைசி நாளில் போட ஒரு சீருடைச் சட்டை தன் கையால்தான் தைக்க வேண்டும் என்று. தட்டிக்கழித்துப் பார்த்தார், நடக்கவில்லை. ஒரு காலையில் துணியோடு போனார்.

மகன் வந்திருந்தான். ஊரைவிட்டு ஓடும்போது பையனாக இருந்தவன் இப்போது முன்நெற்றி ஏறிய ஆளாக மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரியை வைத்துவிட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் அம்மா துடைப்பது போலவே துடைத்தான்.

"அம்மாவுக்கு இப்பல்லாம் டேப்புல இருக்கிற எண்ணு சரியாத் தெரியறதில்ல சார். அளவு நான் எடுக்கிறேன், அம்மா தைப்பாங்க."

தையல்காரம்மா ஜன்னலோரத்திலிருந்து, "இடது தோளைப் பார்த்து எடுடா" என்று குரல் கொடுத்துவிட்டு மெஷினை ஓட்டினாள். செருமல்காரர் கண்ணாடி முன் நின்றார். கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தக் கல்யாணப் படம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மகனும் அவர் பார்த்ததைப் பார்த்தான், சிரித்தான்.

"நான் வந்திருந்தேன் சார் அன்னிக்கு. அம்மாகிட்டகூட ரொம்ப நாள் சொல்லல. மண்டபத்துப் பின்வாசல் வரைக்கும் வந்துட்டேன். எது ஆனாலும் ஆகட்டும், தங்கச்சி முகத்தைப் பார்த்துட்டு அரெஸ்ட் ஆனாக்கூடப் பரவாயில்லன்னு கதவுல கையை வெச்சேன். உள்ள உங்க செருமல் கேட்டுச்சு. அவ்வளவுதான். அப்படியே திரும்பி பஸ் ஏறிட்டேன்."

அளவு நாடாவை அவர் முதுகில் வைத்துக்கொண்டு அவன் சாதாரணமாகச் சொன்னான், யாரோ ஒருவன் கதையைச் சொல்வது போல.

"நான் உங்களைக் குத்தம் சொல்லல சார். உங்க வேலை அது. கடைசியில நீங்கதானே எடுத்துவிட்டீங்க."

செருமல்காரர் கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் துளிக்கூடக் கோபம் இல்லை. அதை அவரால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு வாரண்ட் இல்லப்பா" என்றார்.

"என்ன சார்?"

"உன் தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு உன் பேர்ல வாரண்ட் இல்ல. அதுக்கு முன்னாடியே ரத்தாயிடுச்சு. நான் எதுவும் பண்ணல. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல."

முதுகிலிருந்த நாடா நகரவில்லை. ஜன்னலோரத்தில் மெஷின் நின்றது.

எத்தனையோ வருஷமாக அந்த மெஷின் தனக்காக நிற்பதைக் கேட்டுச் சுகப்பட்டவர் அவர். இப்போது அது நின்றபோது எங்காவது ஓடி ஒளிய வேண்டும் போல இருந்தது. தையல்காரம்மா எழுந்து வந்தாள். கையில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் உங்ககிட்ட வந்து ஒரு நாள் மட்டும்னு கேட்டேனே" என்றாள். "அப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஏன் சார்?"

என்னவென்று சொல்வது? டீ என்பதா, நாற்காலி என்பதா, மெஷின் நின்ற சத்தம் என்பதா? "வெட்கமா இருந்துச்சுக்கா" என்றார். "முதல்ல சும்மாதான் தள்ளிப்போட்டேன். அப்புறம் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

அவள் படத்தைப் பார்த்தாள். அந்த இடைவெளியைத்தான் பார்த்தாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அது ஓட ஆரம்பித்தது.

மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"கையைத் தூக்குங்க சார்."

அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். மகன் மார்பைச் சுற்றி அளந்தான், இடுப்பை அளந்தான், கையை அளந்தான். ஒவ்வோர் எண்ணாகத் துண்டுத் துணியில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டான். இடது தோளுக்கு வந்தபோது அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு நாடாவைச் சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டான். சாயங்காலம் கொடுத்தனுப்புகிறோம் என்று சொன்னான். நாற்காலி அங்கேயே இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சட்டை சொன்னபடி வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தார். ஒரு நூல் பிசிறு இல்லை. காஜா கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. தோள் தையலை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே கேன்வாஸ் இல்லை. இரண்டு தோளும் சமமாக, எல்லோருக்கும் வெட்டுவது போல வெட்டப்பட்டிருந்தன.

பீரோவில் பழைய சட்டைகள் இருந்தன, அவள் கை வைத்தவை, நேராக நிற்கவைப்பவை. மனைவி அதில் ஒன்றை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று புதியதையே போட்டுக்கொண்டார்.

நிலையத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். அதிகாரியம்மா அவருடைய சேவையைப் பற்றி, முக்கியமாக அந்த ஒரு வாரண்டைப் பற்றிப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். செருமல்காரர் நடுவில் நின்றார், இடது தோள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி சரிந்து. பக்கத்திலிருந்த காவலர் குனிந்து, காதோரம் கேட்டார்.

"என்ன சார், கடைசி நாள் பார்த்து தையல்காரரை மாத்திட்டீங்களா?"

"இல்லப்பா" என்றார். "அதே கைதான்."